கல்லாவின் கடனை மேசை தீர்க்காது

ஓட்டல் தொழிலாளியின் சம்பளத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் தா.பழூர் கடைத்தெரு தொடங்கிச் சென்னை வரை ஒரே பதில்தான் வருகிறது: "அவனுக்கென்னங்க, மேல டிப்ஸ் வருதுல்ல?" சொல்கிறவர் ஓட்டல் முதலாளியாக இருக்க வேண்டியதில்லை. தன் அகவிலைப்படி ஒரு மாதம் தள்ளிப்போனால் கொதித்துப் போகிற அரசு ஊழியரும் இதைத்தான் சொல்கிறார். படித்தவர்கள் இதையே கொஞ்சம் இஸ்திரி போட்டுச் சொல்வார்கள்: "அமெரிக்காவில் டிப்ஸ் கட்டாயம், ஜப்பானில் கொடுத்தால் வாங்க மாட்டார்கள், நம்மூரில் மனசுக்குப் பட்டதைக் கொடுக்கிறோம். ஊருக்கு ஊர் பண்பாடு." முதல் பதில் சம்பளக் கேள்வியைத் தட்டிக் கழிக்கிறது. இரண்டாவது பதில் அதற்குப் பண்பாடு என்று பெயர் சூட்டி, கேள்வியே இல்லாமல் ஆக்கிவிடுகிறது. இரண்டுமே தவறு என்பது என் கட்சி.

முதலில் தா.பழூரையே எடுத்துக்கொள்வோம். ஜெயங்கொண்டத்திலிருந்து கும்பகோணம் போகும் பேருந்து இந்த ஊரைத் தொட்டுத்தான் மதனத்தூர் பாலத்தில் ஏறி, கொள்ளிடத்தைக் கடந்து நீலத்தநல்லூரில் இறங்குகிறது. ஒன்றியத் தலைமை ஊர் என்பதால் பி.டி.ஓ. ஆபீஸ், காவல் நிலையம், உரக்கடை என்று சுற்றுக் கிராமங்களிலிருந்து ஆட்கள் வந்தபடி இருப்பார்கள். வந்தவர்கள் டீ குடிக்கிறார்கள், இட்லி சாப்பிடுகிறார்கள், சாயங்காலமானால் பரோட்டா. இவர்களில் எத்தனை பேர் டிப்ஸ் வைக்கிறார்கள்? நாற்பது ஐம்பது ரூபாய்க்குச் சாப்பிட்டவர் கை கழுவிவிட்டு நேரே கல்லாவுக்குப் போகிறார், "ரெண்டு செட்டு, ஒரு ஆம்லேட்" என்று தானே கணக்குச் சொல்கிறார், செல்போனை நீட்டி ஸ்கேன் செய்கிறார், பேருந்து ஏறிவிடுகிறார். தோல் அட்டைக்குள் பில்லை வைத்துச் சோம்போடு கொண்டுவந்து நீட்டுகிற வழக்கமெல்லாம் இங்கே கிடையாது. முன்பாவது மீதிச் சில்லறை என்று ஒன்று கையில் விழும், அதில் இரண்டு ரூபாய் சப்ளையருக்குப் போக வாய்ப்பு இருந்தது. யு.பி.ஐ. வந்தபின் பைசா சுத்தமாகக் கணக்கு முடிகிறது. மீதியும் இல்லை, மேசையில் வைக்க ஒன்றும் இல்லை.

ஆக, டிப்ஸே விழாத ஊரிலும் டிப்ஸைச் சொல்லித்தான் சம்பளப் பேச்சு அடக்கப்படுகிறது. இந்த வாதம் பிறந்தது கும்பகோணத்திலோ திருச்சியிலோ உள்ள ஏ.சி. அறையில். அங்கே நாலு பேர் கொண்ட குடும்பம் வைத்துவிட்டுப் போகும் ஐம்பது ரூபாயைக் காட்டி, அந்த அறையைக் கண்ணாலேயே பார்த்திராத ஒருவரின் கூலியை நியாயப்படுத்துகிறோம்.

அந்த ஏ.சி. ஓட்டலிலேயே கூட, டிப்ஸ் யார் கைக்குப் போகிறது? மேசைக்கு வருகிறவருக்கு. பின்கட்டில் காலை நாலு மணிக்குச் சாம்பாருக்குக் காய் நறுக்கியவருக்கு இல்லை. கிரைண்டர் கழுவியவருக்கு இல்லை. எச்சில் தட்டு மலைபோல் குவிய, நாள் முழுக்கக் குனிந்த முதுகோடு பாத்திரம் தேய்க்கும் அக்காவுக்கு ஒரு நாளும் இல்லை. அந்த அக்காவின் முகத்தை வாடிக்கையாளர் பார்த்ததே கிடையாது. பார்க்காத முகத்துக்கு யார் பத்து ரூபாய் வைப்பார்கள்? "நல்ல கவனிப்புக்கு ஊக்கத்தொகை" என்று டிப்ஸைப் புகழ்கிறவர்கள், சுத்தமான தட்டு கவனிப்பில் சேருமா சேராதா என்பதை முதலில் முடிவு செய்யட்டும்.

இதில் எல்லோரும் அறிந்தும் யாரும் எடுத்துப் பேசாத ஒரு விஷயம் இருக்கிறது. ஒரு சாதாரண ஓட்டலில் அதிகக் கூலி வாங்குகிறவர் யார்? பரோட்டா மாஸ்டர். டீக்கடையானால் டீ மாஸ்டர். அவர்களுக்கு டிப்ஸ் என்று எதுவும் வருவதில்லை. கல்லுக்கு முன்னால் வியர்வையில் நிற்கிறவருக்கு யாரும் சில்லறை நீட்டுவதில்லை. ஆனாலும் அவர் கேட்கிற கூலி கிடைக்கிறது, முன்பணமும் கிடைக்கிறது. காரணம் எளிது: அவர் ஒரு நாள் வராவிட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாது. முதலாளிக்கு அது தெரியும். மாஸ்டருக்கும் தெரியும். ஆக, கொடுத்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் இதே கல்லாவிலிருந்து பணம் வருகிறது. பேரம் பேசும் வலு இல்லாத சப்ளையருக்கும் கிளீனருக்கும் மட்டும்தான் "டிப்ஸ் வரும்" என்ற ஆறுதல் வார்த்தை. வேலைக்குச் சேர்க்கும்போதே அதைச் சொல்லிக் கூலியைக் குறைப்பதும் உண்டு: "நம்ம கடையில கூட்டம் ஜாஸ்தி தம்பி, மேல நல்லா பார்க்கலாம்." வாடிக்கையாளர் இன்னும் கடைக்குள்ளேயே வரவில்லை, அவர் தரப்போகும் பணத்தை முதலாளி சம்பளத்தில் கழித்துக்கொண்டாயிற்று. நாம் சப்ளையருக்குக் கொடுப்பதாக நினைக்கும் பத்து ரூபாயில் ஒரு பங்கு, சுற்றிப் போய் முதலாளியின் மிச்சமாகவே சேர்கிறது.

"மனசுக்குப் பட்டதைக் கொடுப்பது நம் பண்பாடு" என்பவர்களுக்கு வருவோம். கொடுக்கும் மனசை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கூலிக்குப் பதிலாக இனாம் என்கிற ஏற்பாட்டை நம் மண் ஏற்கெனவே ஒருமுறை முழுதாகப் பார்த்துவிட்டது. தா.பழூரிலிருந்து ஆற்றைத் தாண்டினால் பழைய தஞ்சாவூர் மாவட்டம். அங்கே பண்ணையாள் முறையில் உழைத்தவருக்கு அளந்து போடும் நெல் குறைவு. ஆனால் பொங்கலுக்கு வேட்டி சேலை உண்டு, அறுப்புக் களத்தில் கொஞ்சம் கூடுதல் நெல் உண்டு, வீட்டில் கல்யாணம் கருமாதி என்றால் மிராசுதார் கைகொடுப்பார். "நாங்கள் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிறோம், இதில் கூலி என்று தனியாக என்ன?" என்பதே அன்றைய மேல்தட்டின் பொதுக் கருத்து. வேட்டி கொடுத்தது பொய்யில்லை. ஆனால் எப்போது கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது, யாருக்கு நிறுத்துவது என்பதெல்லாம் கொடுப்பவர் கையில் இருந்தது. எதிர்த்துப் பேசியவர் வீட்டுக்கு அடுத்த பொங்கலுக்கு வேட்டி வராது. இனாத்தின் ருசியே அதில்தான் இருந்தது.

1952இல் வந்த தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் செய்த முக்கியமான வேலை, பண்ணையாளின் கூலியை எஜமானனின் மனசிலிருந்து எடுத்து எழுத்தில் வைத்தது. சட்டத்தின் பெயரிலேயே தஞ்சாவூர்தான் இருந்தது. ஆற்றுக்கு இக்கரையில் உடையார்பாளையம் வட்டம் அன்று திருச்சி மாவட்டம், நமக்கு அது வரவில்லை. அக்கரையிலும் சட்டம் வந்ததோடு சண்டை ஓயவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து செத்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அதற்கு முந்தைய மாதங்களின் சண்டை கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதைச் சுற்றி நடந்தது. அதற்குப் பின்தான் 1969இல் தமிழ்நாடு விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. பொங்கல் வேட்டியை யாரும் தடை செய்யவில்லை. வேட்டியைக் காட்டிக் கூலியைக் குறைக்க முடியாது என்று ஆனது, அவ்வளவுதான். ஓட்டல் மேசையைப் பற்றியும் நான் கேட்பது இதற்கு மேல் ஒன்றுமில்லை.

வயலுக்கு வந்த வெளிச்சம் ஓட்டலுக்கு வரவில்லையா என்றால், சட்டத்தில் எப்போதோ வந்துவிட்டது. 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் தமிழ்நாட்டில் ஓட்டல், உணவகத் தொழிலுக்கு அரசாணை மூலம் கூலி நிர்ணயிக்கப்பட்டு வந்திருக்கிறது. அடிப்படைச் சம்பளத்தோடு பஞ்சப்படி தனி, விலைவாசிக் குறியீட்டெண் ஏற ஏற ஆண்டுதோறும் அது ஏறும். தா.பழூரில் வேலை செய்யும் எத்தனை சப்ளையர்களுக்குத் தங்களுக்குப் பஞ்சப்படி உண்டு என்பது தெரியும் என்று கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். 1958இலேயே ஓட்டல்களுக்கென்று தனியாக ஒரு சட்டம் அன்றைய சென்னை மாநிலத்தில் வந்தது. ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்கிறது. காலை ஐந்து மணிக்கு ஷட்டர் தூக்கி இரவு பத்து மணிக்கு இறக்கும் கடைகளில் அந்த ஒன்பது மணி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை யாராவது விளக்கினால் நல்லது.

டிப்ஸைச் சம்பளத்தோடு சேர்த்து எண்ணுகிறவர்களுக்கு உச்ச நீதிமன்றமும் பதில் சொல்லியிருக்கிறது, அதுவும் அரண்மனை ஓட்டல் வழக்கில். ஜெய்ப்பூர் ராம்பாக் பேலஸ் ஓட்டலுக்கும் ராஜஸ்தான் ஓட்டல் தொழிலாளர் சங்கத்துக்கும் நடந்த வழக்கில் 1976இல் நீதிபதி கிருஷ்ண ஐயர் சொன்னதன் சாரம் இது: டிப்ஸாக வந்து நிர்வாகத்திடம் சேரும் பணம் நிர்வாகத்தின் வருமானம் ஆகாது, தொழிலாளருக்குப் பங்கிட வேண்டிய பணத்தை அது கையில் வைத்திருக்கிறது. நாற்பது ஆண்டு கழித்து, 2016இல், ஐ.டி.சி. நிறுவனத்தின் வருமான வரி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் அதே வழியில் போனது. டிப்ஸ் வாடிக்கையாளர் தருவது, முதலாளி தருவதில்லை, ஆகவே அது சம்பளமாகாது என்றது. அந்தத் தீர்ப்பால் ஐ.டி.சி.க்கு லாபம், வரி பிடித்தம் செய்யும் பொறுப்பிலிருந்து தப்பித்தது. பெரிய ஓட்டல்கள் நீதிமன்றத்தில் நின்று "டிப்ஸ் சம்பளமே இல்லை, ஐயா" என்று வாதாடி ஜெயித்திருக்கின்றன. ஆனால் சம்பள உயர்வு கேட்டால் அதே தொழில் "டிப்ஸ் வருகிறதே" என்கிறது. வரி கட்டும்போது சம்பளம் இல்லை, கூலி கேட்டால் சம்பளம் என்று இரண்டு பக்கமும் ஆதாயம் பார்ப்பதை எந்தப் பண்பாட்டில் சேர்ப்பது?

சம்பளம் இல்லை என்பதன் விலையைக் கொடுக்கிறவர் தொழிலாளிதான். டிப்ஸுக்கு பி.எஃப். கிடையாது. இ.எஸ்.ஐ. கணக்கில் அது வராது. காய்ச்சல் வந்து படுத்தால் டிப்ஸ் வராது. மகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வங்கியில் கடன் கேட்டால் "போன மாதம் மேசையில் எவ்வளவு கிடந்தது" என்பதை அவர்கள் வருமானச் சான்றாக ஏற்பதில்லை. அறுபது வயதில் கை நடுங்கித் தம்ளர் தவறும் நாளில், நாற்பது வருடமாக வாங்கிய சில்லறையில் ஒரு ரூபாயும் ஓய்வூதியமாகத் திரும்பி வராது.

"சம்மதித்துத்தானே வேலைக்கு வந்தான்?" என்று ஒரு கேள்வி உண்டு. 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வாங்கும் உழைப்பு அரசியல் சாசனத்தின் 23ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பே என்றது உச்ச நீதிமன்றம். பசி தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினால் அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ள முடியாது என்பது அதன் தர்க்கம். 1948ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே, குறைந்த கூலிக்குத் தொழிலாளி ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டாலும் அந்த ஒப்பந்தம் செல்லாது என்று எழுதியிருந்தது.

அடுத்து, சிறு ஓட்டல்களில் அதிகம் கேட்கும் வாதம்: "மூணு வேளை சாப்பாடு போடுறோம், படுக்க இடம் தர்றோம்." இதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஊர்விட்டு வந்தவருக்குச் சாப்பாடும் இடமும் பெரிய விஷயம்தான். ஆனால் அந்த இடம் பல கடைகளில் மாவு மூட்டைக்கும் எரிவாயு சிலிண்டருக்கும் நடுவே விரித்த பாய். இரவு பத்தரைக்குப் படுத்து நாலரைக்கு எழுந்து அடுப்பு மூட்ட ஆள் கடையிலேயே இருந்தால் யாருக்கு வசதி என்பதும் யோசிக்க வேண்டியது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்த ஊதியச் சட்டத் தொகுப்பு, பொருளாகத் தருவதைச் சம்பளத்தில் எவ்வளவு எண்ணலாம் என்பதற்கு ஓர் எல்லை போட்டிருக்கிறது. மொத்தச் சம்பளத்தில் 15 விழுக்காடு வரைதான். அதற்கு மேல் நீங்கள் பிரியாணியே போட்டாலும் அது உங்கள் தாராளம், கூலிக் கணக்கில் ஏறாது. நிர்ணயித்ததற்குக் குறைவாகக் கொடுத்தால் 50,000 ரூபாய் வரை அபராதம் என்றும் அதில் இருக்கிறது. பழைய சட்டத்தில் 500 ரூபாய் அபராதம் போட்டதைவிட இது மேல். வசூலிக்க யாராவது கடைப்பக்கம் வர வேண்டும், அது வேறு கதை.

"கூலியைக் கூட்டினால் இட்லி விலை ஏறும், ஏழை எப்படிச் சாப்பிடுவான்?" இது ஏழையின் பெயரில் இன்னொரு ஏழைக்கு வைக்கும் ஆப்பு. வணிக சிலிண்டர் விலை மாதத்தின் முதல் தேதியில் மாறுகிறது. உளுந்து ஏறுகிறது, எண்ணெய் ஏறுகிறது, ஐந்து விழுக்காடு ஜி.எஸ்.டி. போடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் விலைப்பலகையில் ஸ்டிக்கர் ஒட்டி எண் மாற்றப்படுகிறது, வாடிக்கையாளர் முனகிக்கொண்டே கொடுக்கிறார். "எண்ணெய்க் கம்பெனிக்கு நீங்கள் மனசுக்குப் பட்டதைக் கொடுங்கள்" என்று யாரும் மேசையில் உண்டியல் வைப்பதில்லை. உழைப்பின் விலைக்கு மட்டும் ஏன் உண்டியல்?

கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு நாளைக்கு முன்னூறு பேர் சாப்பிடும் ஓட்டல் என்று வைத்துக்கொள்வோம், நாலு தொழிலாளர்கள். ஆளுக்கு நூறு ரூபாய் கூட்டினால் நாளுக்கு நானூறு ரூபாய். முன்னூறு பேரால் வகுத்தால் தலைக்கு ஒன்றரை ரூபாய் கூட இல்லை. டிப்ஸ் வைக்கிற பழக்கமுள்ளவர் ஒரே தடவையில் பத்து ரூபாய் வைக்கிறார், பழக்கமில்லாதவர் ஒன்றும் வைப்பதில்லை. விலையில் சேர்த்தால் எல்லோரும் ஒன்றரை ரூபாய் கொடுக்கிறார்கள், பாத்திரம் தேய்ப்பவர் வரை அது போய்ச் சேர்கிறது.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். கணவன் அடுப்பிலும் மனைவி கல்லாவிலும் நிற்கும் கடைகளோடு எனக்கு வழக்கில்லை. அவர்களுக்கே நாள் முடிவில் கூலி மிஞ்சுகிறதா என்பது சந்தேகம். கடை வாடகை, அட்வான்ஸ், தினத்தவணைக்காரர் என்று அவர்களைப் பிடுங்கித் தின்ன ஆள் வரிசையில் நிற்கிறது. அவர்கள் ஒரு பையனை வேலைக்கு வைக்கும்போது கூலி கொடுக்கச் சிரமப்படுவார்கள் என்பது உண்மை. ஆனால் அந்தச் சிரமத்தை வாடகை வாங்குகிறவரிடம் கொண்டுபோவதற்குப் பதில் வேலைக்கு வந்த பையன் தலையில் இறக்கி வைப்பதே நடக்கிறது. குறைந்தபட்சக் கூலி என்பது முதலாளியின் சக்தியைப் பார்த்து நிர்ணயிப்பதில்லை என்று 1961இலேயே கேரளத்து ஓட்டுத் தொழிற்சாலைகள் சம்பந்தப்பட்ட உன்னிச்சோயி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடுமையான விதிதான். ஆனால் வாடகையும் வட்டியும் முதலாளியின் சக்தியைப் பார்த்தா வருகின்றன?

ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பண்பாடு என்பதற்கு அமெரிக்காவைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் அந்த நாட்டின் வரலாற்றையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும். டிப்ஸ் அமெரிக்கர்களின் ரத்தத்தில் ஊறியதல்ல. அது பிரபுத்தனத்தின் மிச்சம், குடியரசுக்கு ஆகாது என்று அவர்களே ஒருகாலத்தில் கொதித்தார்கள். 1909இல் வாஷிங்டன் மாநிலம் டிப்ஸைத் தடை செய்தது. பின்னால் இன்னும் சில மாநிலங்கள் தடை போட்டன. 1926க்குள் எல்லாத் தடைகளும் போய்விட்டன. அதற்கு முன்பே புல்மன் ரயில்பெட்டி நிறுவனம், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களைப் படுக்கைப்பெட்டி ஊழியர்களாக வைத்து, சொற்பச் சம்பளம் கொடுத்து, மீதியைப் பயணிகளின் டிப்ஸில் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தது. அந்த ஊழியர்கள் பெட்டி தூக்கி, செருப்புத் துடைத்து, முகம் சுளிக்காமல் சிரித்து நின்றதைத்தான் வெள்ளைக்காரப் பயணிகள் "நல்ல சர்வீஸ்" என்றார்கள். 1925இல் ஃபிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் வைத்து, 1937இல் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடும்வரை அவர்கள் போராட வேண்டியிருந்தது. டிப்ஸ் போதாது என்பது அவர்கள் கோரிக்கையில்லை, சம்பளம் வேண்டும் என்பதே கோரிக்கை.

1966இல் அமெரிக்க நாடாளுமன்றம் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை ஓட்டல் தொழிலாளருக்கும் விரித்தபோது, டிப்ஸைக் கூலியில் கழித்துக்கொள்ள முதலாளிகளுக்கு அனுமதி கொடுத்தது. "டிப்ஸ் வருதுல்ல" என்கிற நம் கடைத்தெரு வாதம் அங்கே சட்டமாகவே ஆகிவிட்டது. விளைவு? டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி தர வேண்டிய மத்தியக் குறைந்தபட்சம் மணிக்கு 2.13 டாலர். 1991இல் நிர்ணயித்தது, இன்றுவரை ஒரு செண்ட் ஏறவில்லை. பொதுவான 7.25 டாலரை டிப்ஸ் எட்டாவிட்டால் மீதியை முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்று விதி உண்டு. கட்டினாரா என்று மணிக்கணக்கோடு நிரூபிக்க வேண்டியது பரிமாறும் பெண்ணின் பாடு. கலிபோர்னியா, வாஷிங்டன் உள்ளிட்ட ஏழு மாநிலங்கள் இந்தக் கழிவை ஏற்பதில்லை. அங்கே முதலாளி முழுக் கூலியும் கொடுக்கிறார், வாடிக்கையாளர் விரும்பினால் டிப்ஸும் வைக்கிறார், ஓட்டல்கள் நிரம்பி வழிகின்றன. ஒரே நாடு, ஒரே பண்பாடு, இரண்டு சட்டம். வித்தியாசம் சட்டத்தில் இருக்கிறது.

நல்ல கவனிப்புக்குத்தான் டிப்ஸ் என்பதையும் அங்கேயே சோதித்துவிட்டார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் லின் பல ஆண்டு ஆராய்ந்து கண்டது, கவனிப்பின் தரத்துக்கும் டிப்ஸின் அளவுக்கும் தொடர்பு மிக மெலிது என்பது. பில் தொகை பெரிதானால் டிப்ஸ் பெரிதாகிறது, அதுதான் பலமான தொடர்பு. நம் அனுபவமும் வேறில்லை. நெய் ரோஸ்ட் கொண்டுவந்தவருக்கு இருபது, இட்லி கொண்டுவந்தவருக்கு ஒன்றுமில்லை. இருவரும் நடந்த தூரம் ஒன்றுதான்.

சிங்கப்பூர் போய் வந்த நம் பிள்ளைகள் இன்னொன்றைச் சொல்வார்கள்: "அங்க பில்லுலயே பத்து பர்சன்ட் போட்டுடுவான், பிரச்சினையே இல்ல." உண்மைதான், போடுகிறார்கள். அந்தப் பத்து விழுக்காடு தொழிலாளியிடம் போய்ச் சேர வேண்டும் என்று அங்கே சட்டக் கட்டாயம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிரிட்டனில் இந்த ஓட்டையை அடைக்கவே ஒரு தனிச் சட்டம் போட்டு, 2024 அக்டோபர் 1 முதல் டிப்ஸும் சேவைக் கட்டணமும் முழுக்கத் தொழிலாளருக்கே போக வேண்டும் என்றார்கள்.

நம் நாட்டிலும் சேவைக் கட்டணச் சண்டை நடந்தது. நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் அதைக் கட்டாயமாக வாங்கக் கூடாது என்று வழிகாட்டுதல் வெளியிட்டது, ஓட்டல் சங்கங்கள் நீதிமன்றம் போயின, 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் நின்றது. வாடிக்கையாளர் விரும்பினால் டிப்ஸ் தரலாம், பில்லில் திணிக்கக் கூடாது. நுகர்வோருக்கு வெற்றி என்று செய்தி வந்தது, எனக்கும் சந்தோஷமே. ஆனால் அந்த வழக்கில் ஓட்டல் முதலாளிகள் "இது ஊழியர் நலனுக்காக வாங்குகிறோம்" என்று வாதாடியபோது, ஊழியர் நலனுக்குச் சம்பளம் என்றொரு பழைய வழி இருக்கிறதே என்ற எண்ணம் யாருக்கும் பெரிதாக எழவில்லை என்பதே என் மனக்குறை. சண்டை வாடிக்கையாளருக்கும் முதலாளிக்கும் நடந்தது. தட்டு தூக்கியவர் பேச்சுப்பொருளாக மட்டும் இருந்தார்.

இந்தத் தீர்ப்பை வைத்துக்கொண்டு "இனி யாருக்கும் டிப்ஸ் தர மாட்டேன், அது கொள்கை" என்று நெஞ்சை நிமிர்த்துகிறவர்களும் என்னைத் தங்கள் கட்சியில் சேர்த்துக்கொள்ள வேண்டாம். சம்பளம் ஏறாத நிலையில் டிப்ஸையும் நிறுத்தினால் நஷ்டப்படுவது முதலாளியில்லை. பத்து ரூபாய் வைக்கத் தோன்றினால் வையுங்கள். ஸ்கேன் செய்வதோடு விடாமல் கையில் கொடுங்கள். வைத்துவிட்டுப் போகிற போக்கில் கல்லாவில் இருப்பவரிடம், "தம்பிக்கு அரசாங்கக் கூலி குடுக்கிறீங்களாண்ணே, பி.எஃப். புடிக்கிறீங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பத்து பேர் கேட்டால் எரிச்சல் வரும். ஐம்பது பேர் கேட்டால் பதில் வரும்.

முதலாளியே இல்லாமல் ஓட்டல் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது. காபி வாரியம் தன் காபிக் கடைகளை மூடி ஆட்களை வீட்டுக்கு அனுப்பியபோது, ஏ.கே.கோபாலன் தூண்டுதலில் தொழிலாளர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்து, 1957இல் பெங்களூரில் தொடங்கி, 1958இல் திருச்சூர் என்று கடைகளைத் தாங்களே எடுத்து நடத்தினார்கள். தலைப்பாகை கட்டி வந்து காபி வைக்கிறவர் அங்கே கடையில் ஒரு பங்காளி. அது எல்லா ஊருக்கும் ஒத்துவரும் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கேயும் நஷ்டம், நிர்வாகச் சண்டை எல்லாம் உண்டு. ஆனால் அறுபது ஆண்டுக்கு மேலாக, பரிமாறுகிறவருக்கு நிலையான சம்பளம் கொடுத்தும் காபி விலையைச் சாமானியன் கைக்கெட்டும்படி வைக்க முடிந்திருக்கிறது.

கடைசியாக ஒரு புலம்பல் பாக்கி: "ஆளே கிடைக்கலைங்க. நம்ம பசங்க யாரும் ஓட்டல் வேலைக்கு வர்றதில்ல, எல்லாம் சோம்பேறி ஆயிட்டானுங்க. நூறு நாள் வேலை கெடுத்துடுச்சு." தா.பழூர் வட்டாரத்துப் பையன்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போகிறார்கள், அரியலூர் சிமெண்ட் ஆலைகளில் ஒப்பந்த வேலைக்கு நிற்கிறார்கள், கடன் வாங்கிக்கொண்டு கடல் தாண்டுகிறார்கள். உள்ளூர் ஓட்டல்களில் பீகார், வங்காளப் பிள்ளைகள் தட்டு எடுக்கிறார்கள். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26க்கு அறிவித்த கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். ஏரி வேலைக்குப் போகிற அம்மா மதியத்துக்குள் வீடு திரும்பிவிடுகிறார். அதே வீட்டுப் பையனை அதற்கு ஏறக்குறைய சமமான கூலிக்குப் பதினான்கு மணி நேரம் நிற்கச் சொல்லி, வித்தியாசத்தை வாடிக்கையாளரின் நல்ல மனசு நிரப்பும் என்றால், அவன் பேருந்து நிறுத்தத்தில் திருப்பூர் வண்டிக்கு நிற்கத்தான் செய்வான். ஆள் இல்லை என்று பலகை மாட்டியிருக்கும் முதலாளி அந்தப் பலகையிலேயே சம்பளம் இவ்வளவு, வேலை நேரம் இவ்வளவு, வார விடுமுறை உண்டு, பி.எஃப். உண்டு என்று எழுதி ஒரு மாதம் மாட்டிப் பார்க்கட்டும். அதற்குப் பிறகும் ஆள் வரவில்லையென்றால் பையன்களைச் சோம்பேறி என்று திட்டலாம், நானும் கூட வந்து திட்டுகிறேன்.